தண்ணீர் ஐயாவைக் கீழே இறக்கியவள்

மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அது வருகைப் பதிவேட்டோடு சரி. வாயில் புழங்கியதெல்லாம் காதுக்காரி என்கிற பெயர்தான். பொறியாளர்கள், “காதுக்காரியை வரச் சொல்லு” என்பார்கள். பள்ளம் தோண்டுகிற ஆட்கள், “காதுக்காரக்கா வந்தாச்சா?” என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் கடப்பாரையைத் தொடுவார்கள்.

மண்ணுக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்டுச் சொல்வது அவள் வேலை. ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, அதன் மேல் நுனியில் காதை வைக்க ஒரு மரக் குமிழ். கம்பியைச் சாலையில் ஊன்றிக் குமிழில் காதைப் பொருத்திக்கொண்டு கண்ணை மூடுவாள். போகிற வருகிறவர்கள், யாரோ தலைசுற்றிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்து ஓடி வந்ததும் உண்டு. கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு மறுபடி கேட்பாள். பிறகு பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். அங்கே தோண்டினால் ஈரம் இருக்கும்.

பத்தொன்பது வயதில் மீட்டர் கணக்கு எடுக்கிறவளாகத்தான் சேர்ந்தாள். ஒரு வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் மீட்டர் முள் ஓடிக்கொண்டிருந்தது. “உங்க சமையல்கட்டுக்குக் கீழ தண்ணி போற சத்தம் கேக்குதுங்க” என்று அவள் சொல்ல, வீட்டுக்காரர் நல்ல மனிதர், உடனே தரையை உடைத்துவிட்டார். மறுநாள் அவருடைய மனைவி, மாநகராட்சிப் பெண் ஒருத்தி பேச்சைக் கேட்டு வீடே நாசமானது என்று புகார் எழுதினார். விசாரிக்க வந்த பொறியாளர், அவள் கைகாட்டிய இடத்துக்கு ஒரு சாண்கூடத் தள்ளாமல் வெடித்துக் கிடந்த குழாயைப் பார்த்தார். அடுத்த மாதமே கம்பி அவள் கைக்கு வந்தது. பின்னாளில் பெட்டியும் காதில் மாட்டும் ஹெட்போனும் கொண்ட மின்கருவி வந்தபோது அதையும் முதலில் பழகியவள் அவள்தான். கம்பி, கருவி இரண்டிலும் கேட்டு, இரண்டும் ஒரே இடத்தைச் சொன்னால் மட்டுமே குறி போடுவாள்.

இருபத்தாறு வருடத்தில் அவள் குறி தப்பியது இரண்டே முறை. இரண்டு வீட்டின் கதவு எண்ணும் அவளுக்கு மனப்பாடம். இரண்டு வீட்டுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அதில் ஒரு வீட்டு அம்மா, “இதுக்கெல்லாமா வருவாங்க?” என்று திகைத்துப்போய்க் காப்பி கொடுத்து அனுப்பினார்.

கணவர் முடிதிருத்துகிறவர். நகரத்தின் நடு ரவுண்டானாவைப் பார்த்தபடி இரண்டு நாற்காலி போட்ட கடை. பெயர்ப் பலகையில் ‘சிலையடி சலூன்’ என்று இருக்கும். அப்பா தையல்காரர். மகள் போட்டிருக்கும் காக்கிச் சட்டை அவர் தைத்தது. எழுபத்தொரு வயதிலும் ஊசியில் நூல் கோக்க இன்னொருவரைக் கூப்பிடாத கண் அவருக்கு.

சலூனுக்கு எதிரே நின்ற சிலைதான் இந்தக் கதையின் தலைவலி.

வெண்கலத்தில் செய்து, இரண்டு ஆள் உயரப் பீடத்தில் நிறுத்திய சிலை. அந்தக் காலத்து மாநகராட்சி ஆணையர் ஒருவர் நீளக் கோட்டுப் போட்டு நிற்பார். கையில் ஒரு குடம். அதைச் சரித்து ஊற்றுகிறார். அவர் காலடியில் ஒரு பெண் மண்டியிட்டு, இரண்டு கையையும் ஏந்தி, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே கல்லில் பொறித்திருந்தார்கள்: ‘ஆளரவமற்ற பாழ்நிலத்தை ஏரியாக்கி, இந்நகரின் தாகம் தீர்த்த வள்ளல்.’ ஊரில் அவருக்குத் தண்ணீர் ஐயா என்று பெயர்.

தாகம் தீர்த்தது உண்மை. அறுபத்திரண்டு வருடத்துக்கு முன் நகரம் தண்ணீர் இல்லாமல் நாக்குத் தள்ளிக் கிடந்தது. அவர்தான் ஆற்றைத் தடுத்து ஏரி கட்டி, குழாய் போட்டுக் கொண்டுவந்தார். ஆனால் ஏரி இருக்கும் இடம் பாழ்நிலம் இல்லை. அங்கே மூன்று ஊர்கள் இருந்தன. ஒன்பதே நாளில் அங்கிருந்தவர்களை லாரிகளில் ஏற்றி, நகரத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகைகளில் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்தக் கோடையில் கொட்டகைகளில் காய்ச்சல் வந்து நாற்பத்துச் சொச்சம் குழந்தைகள் போயின. காதுக்காரியின் அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. போன குழந்தைகளில் ஒன்று அவருடைய தங்கை.

பன்னிரண்டு வருடம் கழித்துச் சிலை வந்தது. மூன்று ஊர்க்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார்கள். பேரன் பேத்தி எடுத்தார்கள். போன வருடம் ஒருநாள் காலையில், மண்டியிட்ட பெண்ணின் முகத்தில் யாரோ கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். அவ்வளவுதான், நகரம் பற்றிக்கொண்டது.

சிலையைத் தொடக் கூடாது என்று பாதுகாப்புக் குழு ஒன்று கிளம்பியது. அதற்குத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கஞ்சி போட்ட சட்டை மாதிரியே விறைப்பானவர், ஆனால் பொய் பேசாதவர். தண்ணீர் ஐயா எழுதிய கடிதங்களை எல்லாம் தேடிச் சேர்த்து வைத்திருந்தவர். சிலையை எடுத்தே ஆக வேண்டும் என்று மூன்று ஊர் மக்கள் சங்கம் ஒற்றைக் காலில் நின்றது. அதற்குத் தலைவி ஒரு பெண் வக்கீல். பேச ஆரம்பித்தால் எதிராளி தண்ணீர் கேட்பார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மேயரம்மா, முடிவெடுக்கும் கூட்டத்தை மூன்று தடவை தள்ளிப்போட்டார்.

சலூனில் தினமும் இதே பேச்சு. இரண்டு நாற்காலியில் இரண்டு கட்சிக்காரர்கள் சோப்பு நுரையோடு சண்டை போடுவார்கள். “நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டால் கணவர், “கத்தி கையில இருக்கறவரைக்கும் எனக்குக் கட்சியே கிடையாதுங்க. தலையை ஆட்டாதீங்க” என்று சொல்லிவிடுவார்.

காதுக்காரி ஒருநாள் அப்பாவிடம் நேராகவே கேட்டாள். “ஏம்ப்பா, அந்தச் சிலை நிக்கட்டுமா, போகட்டுமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

தையல் மிஷினை நிறுத்தாமலே அவர் சொன்னார். “அந்த ஆளு மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஊரே தண்ணி இல்லாம தவிச்சுச்சு, ஏதோ செஞ்சாரு. ஆனா அந்தப் பொம்பளை முட்டி போட்டுக் கை ஏந்துறா பாரு... அது யாரு? எங்க ஊருல வாசலைத் தாண்டினா ஆறு. எங்கம்மா ஒருநாளும் ஒருத்தர்கிட்டயும் தண்ணிக்குக் கை ஏந்தினது இல்ல.”

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.  

அந்த மாதம் மேட்டுத் தெருக்களில் தண்ணீர் ஏறவில்லை. பெண்கள் குடத்தோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். எங்கோ பெரிய குழாயில் கசிவு. காதுக்காரி தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். நான்காம் நாள், விடுமுறை தினத்தின் விடிகாலையில், வண்டிகள் ஓடத் தொடங்குவதற்கு முன் நடு ரவுண்டானாவில் கம்பியை ஊன்றினாள். உஸ்ஸென்று, தூக்கத்தில் யாரோ பல் இடுக்கில் மூச்சு விடுகிற மாதிரி சத்தம். கருவியிலும் கேட்டாள். அதே இடம். சுண்ணக்கட்டியால் குறி போட்டு, நாடா பிடித்து அளந்தாள். சிலைப் பீடத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து பதினோரு அடி.

தகவல் போன அரை மணி நேரத்தில் தலைமைப் பொறியாளரே காரில் வந்து இறங்கினார். கசிவைக் கண்டு ஒரு மனிதர் அவ்வளவு மகிழ்ந்து அவள் பார்த்ததில்லை.

“என்னம்மா, சிலைக்கு நேர் கீழயா?”

“இல்ல சார். பதினோரு அடி தள்ளி.”

அவர் குறியைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் உள்ள தள்ளிப் போட முடியாதா?”

“காது சொன்ன இடத்துலதான் சார் சுண்ணாம்பு விழும்.”

“புரியாம பேசாத. நீயும் அந்த மூணு ஊர்க்காரிதானே? கேளு. பெரிய குழாய் பீடத்துக்கு அடியில உடைஞ்சிருக்கு, சிலையை எடுத்தாத்தான் சரிபண்ண முடியும்னு நீ ஒரு வரி எழுதிக் கொடு. நாளைக்கே கிரேன் வரும். சிலை நேரா கிடங்குக்குப் போகும். அங்கயே கிடக்கட்டும். ரெண்டு வருஷத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. வாக்கெடுப்பு இல்ல, சண்டை இல்ல, மேயரம்மாவுக்கும் நிம்மதி. உங்க ஆளுங்களுக்கு வேணும்கிறதும் கிடைச்சுடும். யார் வாயிலும் விழ வேண்டியதில்ல.”

கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகச் சொல்லித்தான் மனசு முதலில் குதித்தது. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. ஒரு வரி எழுதினால் போதும், ஐம்பது வருடம் மண்டியிட்டவள் எழுந்துவிடுவாள். “ரெண்டு நாள் கொடுங்க சார். பழைய வரைபடத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றாள்.

வீட்டில் சொன்னபோது கணவர் துள்ளி எழுந்தார். “இதுல யோசிக்க என்ன இருக்கு? எழுதிக் கொடுத்துட்டு வா. மாமா முகத்துல ஒரு சிரிப்பைப் பார்க்கலாம்.”

“நான் பொய்க்குறி போட்டேன்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா?”

“யாரு சொல்லப்போறா? மண்ணுக்குள்ள இருக்கறது உனக்கு மட்டும்தானே தெரியும்.”

“அதனாலதான் போடக் கூடாதுங்க” என்றாள் அவள். கணவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைக்கப் போய்விட்டார்.

வக்கீலம்மாவுக்கு எப்படியோ செய்தி எட்டிவிட்டது. மறுநாள் சாலையிலேயே வழிமறித்தார். “அக்கா, அறுபத்திரண்டு வருஷமா காத்திருக்கோம். எப்படி இறங்கினா என்ன, இறங்கினாச் சரி. கையெழுத்தைப் போடுங்க.”

“குழாய் ரிப்பேருக்காக எடுத்தோம்னு எழுதினா, ரிப்பேர் முடிஞ்சதும் கொண்டுவந்து வைனு நாளைக்கு ஒருத்தர் கேப்பாரே, அவருக்கு என்ன பதில் சொல்லுவீங்க? சிலை தப்புன்னா எழுதியிருப்போம்? கசிவுன்னுதானே எழுதியிருப்போம்?”

 வக்கீலம்மாவுக்குக் கோபம் போகவில்லை. “சபையில தோத்தா உங்களாலதான் தோத்தோம்னு சொல்லுவாங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். அது முள்ளாகத் தைத்தது.

பழைய வரைபடம் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னது சாக்கு இல்லை. ரவுண்டானாவுக்குக் கீழே எத்தனை குழாய் எந்த ஆழத்தில் போகிறது என்று தெரியாமல் தோண்ட முடியாது. பதிவறையில் தகரக் குழல்களுக்குள் சுருட்டி வைத்த பழைய வரைபடங்கள் இருந்தன. பதிவறைக்காரர் தும்மிக்கொண்டே ஒரு குழலை எடுத்துக் கொடுத்தார். குழாய் வரைபடம் கிடைத்தது. மேற்குப் பக்கத்தில் தோண்டத் தாராளமாக இடம் இருந்தது. அதோடு சேர்த்துச் சுருட்டிய இன்னொரு தாள் கூடவே வந்தது. மேசையில் விரித்து நான்கு மூலைக்கும் கனமான பதிவேடுகளை வைத்தாள்.

ஏரி கட்டுவதற்கு முன் எடுத்த நில அளவைப் படம். ஆறு நீல மையில் வளைந்து போனது. அதன் கரையில் மூன்று ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர். ஓரத்தில் அழகான கையெழுத்தில் ஒரு பட்டியல்: வீடுகள் 1,140. கிணறுகள் 206. பள்ளிக்கூடம் 2. படகுத்துறை 3. அதற்குக் கீழே தேதியும் ஆணையரின் கையொப்பமும். தண்ணீர் ஐயாவே போட்டது.

 அப்பா பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு எப்போதுமே தெரியும். ஆனால் இருநூற்று ஆறு கிணறு என்று எண்ணி எழுதிவிட்டுப் பாழ்நிலம் என்று கல்லில் வெட்டிவிட்டார்களே!

சான்றொப்பமிட்ட நகல் ஒன்று எழுதிக் கேட்டு வாங்கினாள். பிறகு மேசைக்குப் போய்த் தன் அறிக்கையை எழுதினாள். ‘கசிவு பீடத்திலிருந்து பதினோரு அடி மேற்கே உள்ளது. பீடத்தைத் தொடாமல் நான்கு நாட்களில் சரிசெய்யலாம்.’ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

தலைமைப் பொறியாளர் முகம் கறுத்தது. “மறுபடி மீட்டர் கணக்கு எடுக்கப் போக ஆசையா?”

“அனுப்பினாப் போறேன் சார். அந்த வேலையும் எனக்குத் தெரியும்.”

அவர் அறிக்கையை இழுப்பறையில் போட்டு மூடினார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நகர மன்றத்தில் கூட்டம் நடந்தது. உள்ளே நிற்க இடம் இல்லை. உறுப்பினர்கள் நாற்பத்தைந்து பேர். பொதுமக்களில் பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். காதுக்காரி வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து, அப்பாவுக்கும் கணவருக்கும் பின்னால் சுவரோரம் நின்றாள். பேச அவளும் பெயர் கொடுத்திருந்தாள். ஆனால் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

வக்கீலம்மா பேசினார், கூரை அதிர்ந்தது. தலைமை ஆசிரியர் எழுந்தார். “ஐயாவை விமர்சனம் பண்ணுங்க, கேட்டுக்கறேன். ஆனா குறுக்கு வழி வேண்டாம். கசிவுன்னு ஒரு கதையைக் கட்டி, ராத்திரியோட ராத்திரியா சிலையைத் தூக்கத் திட்டம் நடக்குதுன்னு கேள்விப்பட்டேன். உண்மையா, இல்லையா?”

மன்றம் கொந்தளித்தது. மேயரம்மா தலைமைப் பொறியாளரைப் பார்த்தார். அவர் எழுந்து தொண்டையைச் செருமினார். “கசிவு இருக்குறது உண்மைதாங்க. பீடத்துப் பக்கத்துலதான். சிலையை நகர்த்தாம வேலை செய்யறது... சிரமம்.”

“யார் கண்டுபிடிச்சது?” என்றார் மேயரம்மா.

பின்னாலிருந்து பள்ளம் தோண்டுகிறவர்களில் ஒருவர், “காதுக்காரக்கா!” என்று கத்தினார். நூறு தலைகள் திரும்பின.

அவள் முன்னால் வந்தாள். மைக் அவள் உயரத்துக்கு இல்லை. யாரோ இறக்கிக் கொடுத்தார்கள்.

“கசிவு இருக்குதுங்க. பீடத்துல இருந்து பதினோரு அடி தள்ளி. சிலையைத் தொடவே வேண்டியதில்ல. நாலு நாள் வேலை. எழுதிக் கொடுத்திருக்கேன், சாரோட இழுப்பறையில இருக்கு.”

தலைமைப் பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. பாதுகாப்புக் குழுவினர் கைதட்டி விசிலடித்தார்கள்.  வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

தலைமை ஆசிரியருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. “நன்றிம்மா. ஆக, சிலையை எடுக்க வேண்டியதில்லைன்னு உங்க துறையே சொல்லுது.”

“குழாய்க்காக எடுக்க வேண்டியதில்லைங்க ஐயா” என்றாள் அவள். “நான் பேசப் பேர் கொடுத்திருக்கேன். எனக்கும் மூணு நிமிஷம் இருக்கு. அதை இப்பவே எடுத்துக்கலாமா?”

மேயரம்மா தலையசைத்தார்.

“நான் இந்தக் குழாய்ங்களோடதான் இருபத்தாறு வருஷமா குடித்தனம் பண்றேன். தண்ணீர் ஐயா போட்ட குழாய் இன்னிக்கும் தாங்குது. அவர் வேலையைக் குறை சொன்னா என் நாக்குதான் அழுகும். ஆனா அவர் காலடியில ஒரு பொண்ணு முட்டி போட்டிருக்கா. அவ யாருன்னு நான் எங்கப்பாகிட்ட கேட்டேன். அவருக்கும் தெரியல. ஏன்னா எங்க ஊருங்கள்ல அப்படி ஒரு பொம்பளை இருந்ததே இல்ல. ஆறு வாசல்ல ஓடுச்சு. தண்ணிக்குக் கை ஏந்துனது நாங்க இல்லைங்க. கை ஏந்துனது இந்த நகரம். கொடுத்தது நாங்க. வீட்டைக் கொடுத்தோம், ஆத்தைக் கொடுத்தோம், கொட்டகையில பிள்ளைங்களைக் கொடுத்தோம். கொடுத்தவளை முட்டி போட வச்சு, வாங்குனவங்க மேல நிக்கிறாங்க. கல்லுல இருக்கிற எழுத்தை மட்டும் மாத்தினா அவ எழுந்திரிக்க மாட்டா. அதனாலதான் அது இறங்கணும்னு சொல்றேன். குழாய்க்காக இல்ல. இதுக்காக. இதைச் சொல்லி, எல்லாரும் பார்க்க, பட்டப்பகல்ல இறக்குங்க.”

“ஆதாரம்?” என்று ஒரு உறுப்பினர் கேட்டார். “பாழ்நிலம்னுதான் கல்லுல இருக்கு. உங்கப்பா ஞாபகத்தை நம்பி எப்படிம்மா?”

அவள் நகலை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு நேராகத் தலைமை ஆசிரியரிடம் போய் நீட்டினாள். “ஐயா, தண்ணீர் ஐயாவோட கையெழுத்து உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். நீங்களே படிங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வகுப்பில் படிக்கிற குரலிலேயே கணீரென்று ஆரம்பித்தார். “வீடுகள், ஆயிரத்து நூற்று நாற்பது. கிணறுகள், இருநூற்று...” அங்கே நின்றார். மறுபடி பார்த்தார். “இருநூற்று ஆறு. பள்ளிக்கூடம், இரண்டு.” பள்ளிக்கூடம் என்ற சொல்லில் அவர் குரல் இறங்கிவிட்டது. தாளைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். 

“கையெழுத்து அவரோடதுதான்” என்றார் அவர். “நாப்பது வருஷம் பிள்ளைங்களை வரிசையா கூட்டிட்டுப் போய் அந்தக் கல்லைப் படிச்சுக் காட்டினேன். பாழ்நிலம், பாழ்நிலம்னு சொல்லிக் கொடுத்தேன். அந்த வரிசையில இந்த ஊர்ப் பிள்ளைங்களும் நின்னிருக்கும்.” கண்ணாடியைக் கழற்றினார். “ஐயா மேல எனக்கு இருக்கிற மரியாதை போகல. அவர் செஞ்ச வேலையை எங்கயாவது ஒரு இடத்துல முறையா சொல்லணும். ஆனா அந்தச் சிலை இருக்கிறபடியே அங்க நிக்கணும்னு இனிமே என்னால கேட்க முடியாது.”

அவர் குழுவில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. சிலையைக் குடிநீர் நிலையத்தில் ஒரு கூடத்துக்கு மாற்றி, அங்கே ஏரியின் கதையை முழுதாக, மூன்று ஊர்களையும் சேர்த்து எழுதி வைப்பது. ரவுண்டானாவில் மூன்று ஊர்ப் பெயரும் பொறித்த கல்லும் பொதுக் குழாயும் வைப்பது. சரி என்றவர்கள் இருபத்தேழு. வேண்டாம் என்றவர்கள் பதினாறு. இரண்டு பேர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

எண்ணிக்கையைப் படித்ததும் எழுந்த கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வக்கீலம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். “என்னைத் திட்டுங்கக்கா, நல்லா திட்டுங்க” என்று அழுதார். “அழுது முடிங்க, அப்புறம் திட்டறேன்” என்றாள் காதுக்காரி.  அப்பா பக்கத்தில் வந்து, அவள் சட்டைக் காலரை நேராக இழுத்துவிட்டார். பாராட்டு அவரிடமிருந்து அப்படித்தான் வரும்.

குழாய் வேலை முதலில் முடிந்தது. நான்கு நாள் என்று சொன்னது மழையால் ஐந்தாகிவிட்டது. பீடம் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. மேட்டுத் தெருக்களில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. மீட்டர் பிரிவுக்கு அவளை யாரும் அனுப்பவில்லை. மேயரம்மா இழுப்பறை விஷயத்தை விசாரிக்கப் போய், தலைமைப் பொறியாளர்தான் சில மாதம் எல்லாக் கோப்புகளையும் நகல் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டி வந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு பகல் பதினொரு மணிக்குக் கிரேன் வந்தது. இரண்டு பக்கத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். சிலை மேலெழுந்து மெல்லத் திரும்பியபோது யாரும் கத்தவில்லை. லாரியில் தரைமட்டத்துக்கு இறங்கிய பிறகு, தண்ணீர் ஐயா சாதாரண உயரம் உள்ள மனிதராகத்தான் இருந்தார். தலைமை ஆசிரியர் கிட்டே போய் வெண்கலக் கோட்டில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டார். மூன்று ஊர்க் கிழவி ஒருத்தி, மண்டியிட்ட பெண்ணின் ஏந்திய கைகளைத் தன் இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு லாரி கிளம்பியது. “‘சிலையடி’ போர்டை என்ன பண்ணப்போறீங்க?” என்று ஆட்கள் கணவரைக் கேலி செய்தார்கள். “சிலை இருந்தா விலாசம், இல்லாட்டி சரித்திரம். நாற்காலியில உட்காருங்க” என்றார் அவர்.

கல் வைக்கிற வேலையில்தான் அப்பா தன் சுயரூபத்தைக் காட்டினார். கல்தச்சர் மூன்று ஊர்ப் பெயரையும் அகரவரிசையில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருந்தார். அப்பா போய்ப் பார்த்துவிட்டு, “தப்பு” என்றார்.

“எழுத்துப் பிழையா பெரியவரே?”

“எழுத்து சரி. வரிசை தப்பு. ஆறு மேல இருந்து கீழ வருது. எந்த ஊரை முதல்ல தொடுதோ அந்த ஊர்தான் முதல்ல.”

“அகரவரிசைனு எழுதிக் கொடுத்திருக்காங்களே.”

“தண்ணிக்கு அகரவரிசை தெரியுமாய்யா?”

கல்தச்சர் பொறியாளரைக் கேட்டார், பொறியாளர் மேயரம்மாவைக் கேட்டார். மேயரம்மா, “அவர் சொல்றபடி வெட்டுங்க” என்றார். அப்பா நகரவில்லை. கடைசி எழுத்து வெட்டி முடிக்கிறவரை, இரண்டு நாளும் ஒரு மடக்கு நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

திறப்பு நாளில் ரவுண்டானா கொள்ளவில்லை. மூன்று ஊர்க் குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தன. முன்பின் பார்க்காதவர்கள் கல்லைச் சுற்றி, “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டுக்கொண்டார்கள். இந்த நகரத்தில் அந்தக் கேள்விக்கு அவர்கள் நிமிர்ந்து பதில் சொன்னது அன்றுதான். மேயரம்மா துணியை விலக்க வந்தவர், என்ன நினைத்தாரோ, அப்பாவைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். அவர் துணியை விலக்கினார். அதோடு நிற்காமல், மைக் எதுவும் இல்லாமல், பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அந்த ஊர்க் கூட்டம் ஓ என்று முழங்கியது. மூன்றாவது பெயருக்கு எழுந்த முழக்கத்தில் சுற்றிலும் வண்டிகள் நின்றுவிட்டன.

பொதுக் குழாயைத் திறக்கச் சொன்னார்கள். காதுக்காரி திருகினாள். தண்ணீர் வந்தது. சிறுசுகளும் பெரிசுகளும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். அவள் ஒவ்வொரு குவளையாக நிரப்பி நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.